தேவராசா குடித்த தேத்தண்ணி

"ஐயோ... ஓடி வாங்கோ! தேவராசா விழுந்து கிடக்கிறான்!"

சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டமே அதிரக் கத்தினான் ஏரம்பு.

பக்கத்துத் தோட்டக்காரன் தேவராசா வரம்பில் மல்லாந்து கிடந்தான். அருகில் ஒரு தகரப் பேணி.

வெறும் பேணி!

ஏரம்பு அதைத் தூக்கிப் பார்த்தான். அதில் இருந்தது அவனுக்கு வந்த தேத்தண்ணி!

காலையில் குசினி யன்னலால் கண்டிருந்தான். மனைவி இராசாத்தி வெள்ளையாக எதையோ கரண்டியால் நசுக்கினாள்... தேத்தண்ணியில் போட்டாள்... கலக்கினாள்!

நேற்றுத்தான் பெரிய சண்டை. பொருளாதாரத் தடையால் இறைக்கிற மெசினுக்கு டீசல் இல்லை. ஊரே பழையபடி துலா மரத்தில் ஏறி மிதித்துத்தான் கிணற்று நீர் இறைத்தது. வலிப்புக்காரன் துலாவில் ஏறக்கூடாது என்று அவள். ஏறுவேன் என்று அவன்.

"இனி ஏறினால் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது!" என்றாளே... இதைத்தானா?

பயத்தில் பேணியை வரம்பில் வைத்துவிட்டுத் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறப் போனான். கேட்டுக் குடிக்கிற பழக்கம் தேவராசாவுக்கு என்றைக்கு இருந்தது?

இராசாத்தி ஓடிவந்தாள்.

"கொலைகாரி! எனக்கு வைச்ச நஞ்சை இவனெல்லோ குடிச்சிட்டான்!"

"நஞ்சோ? அது உங்கடை வலிப்புக் குளிசையப்பா!"

"எ... என்ன?"

"மந்திரிச்ச நூல் கட்டினவுடனை சுகமெண்டு குளிசையளை வாழையடியிலை எறிஞ்சியள். கண்டனான். பிறகு நானே ஆஸ்பத்திரியிலை எடுத்து, மூண்டு மாசமாத் தேத்தண்ணியிலை கரைச்சுத் தாறன்."

"அப்ப... வலிப்பு வராமல் நிண்டது நூலாலை இல்லையோ?"

"நீங்கள் துலாவிலை நடக்கேக்கை நான் கீழை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கிணத்துக்கை விழுந்தால் நான் ஆரோடை சண்டை பிடிப்பன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஏரம்புவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப இவன்?"

தேவராசாவின் மூக்கே பதில் சொன்னது.

குறட்டை!

"அளவெட்டிக் கோயில் திருவிழாவிலை விடிய விடிய மேளம் கேட்டிட்டு வந்தவன். உந்தக் குளிசையும் நித்திரை தரும். தண்ணி தெளியுங்கோ!"

தெளித்ததும் தேவராசா மலங்க மலங்க விழித்தான்.

"அண்ணை... மேளம் முடிஞ்சுதோ?"

ஏரம்பு மனைவியிடம் கையை நீட்டினான்.

"இண்டையான் குளிசையைத் தா. இனி ஒவ்வொரு நாளும் உனக்கு முன்னாலையே விழுங்கிறன். துலா மிதிக்க இவன் இருக்கிறான். நான் தண்ணி மாறுறன்."

இராசாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் ஒரு சந்தேகம்!

"மூண்டு மாசமாத் தேத்தண்ணி கைச்சிருக்குமே... ஒருநாளும் ஏனெண்டு கேக்கேல்லையே?"

"நீ போடுற தேத்தண்ணிதானே... அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சிட்டன்!"