மொட்டைமாடிக்கு வந்த விருந்தாளி

குறைகேளி என்ற கணினி இயந்திரம் காலையிலேயே மணியடித்தது. டாக்டர் அங்கயற்கண்ணி கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டுவிட்டுத் திரையருகே ஓடினாள்.

"என்னக்கா, மறுபடியும் யாருக்காவது மயக்கமா?" என்றான் ஷாகுல். மதுரையின் அந்தச் சிறிய நச்சியல் மையத்தில் அவளைத் தவிர இருந்த ஒரே ஆள் அவன்தான். குறைகேளியைப் பராமரிக்கும் பொறியாளன்.

"மயக்கம் இல்லடா. ரத்தம்."

அவர்கள் கண்காணித்தது செயற்கைக் கஞ்சாவை. அந்தப் பெயரே ஏமாற்று. எந்தச் செடியிலும் விளையாத வேதிப்பொருளைக் காய்ந்த இலைகளின் மேல் தெளித்து, 'நீலமயில்', 'சாரல்' என்று அழகழகாகப் பெயர் போட்டு விற்றார்கள். அரசு ஒரு மூலக்கூறைத் தடை செய்தால் அதில் இரண்டு அணுக்களை இடம் மாற்றிப் புதுப் பொட்டலத்தோடு வந்தார்கள். மருத்துவமனைச் சோதனைகளில் அது சிக்கவில்லை. எந்தப் பொட்டலம் உடம்பை என்ன செய்யும் என்பது புகைத்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோ போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆனால் முகம் தெரியாத இடத்தில் மனம்விட்டுப் பேசுவார்கள். 'மொட்டைமாடி' என்ற இணைய மன்றம் அப்படிப்பட்ட இடம். அங்கே கொட்டப்படும் புலம்பல்களை எல்லாம் குறைகேளி ஓயாமல் வாசித்து, எந்தச் சோதனைக்கூடத்துக்கும் முன்னால் ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. அந்த எச்சரிக்கை எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. போன ஆண்டு அதற்கு விருதுகூடக் கிடைத்தது. இயந்திரத்தின் சார்பில் நன்றியுரை வாசித்தவன் ஷாகுல்.

அன்று 'புளியோதரை' என்ற உறுப்பினர் எழுதியிருந்தார்: "பல் தேய்ச்சா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. பச்சைக்கிளி பொட்டலம்." அதன் கீழே 'காலி சிலிண்டர்' எழுதியிருந்தார்: "எனக்கும்ப்பா. மூக்குல."

"எலி மருந்து கலந்திருக்கு," என்றாள் அங்கயற்கண்ணி. "ரத்தம் உறையாது. வைட்டமின் கே குடுத்தாப் பிழைச்சுக்குவாங்க. ஆனா உடனே வரணும்."

"ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை போயிருச்சுக்கா."

"ஆஸ்பத்திரி தயாரா இருக்கு. இவங்க வரணுமே!"

மையத்துக்கு ஒரே ஒரு விதி இருந்தது. கேட்கலாம், பேசக் கூடாது. கேட்கிறோம் என்று தெரிந்தால் மன்றமே கலைந்துவிடும். குறைகேளி செவிடாகிவிடும். அங்கயற்கண்ணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு தட்டச்சு செய்தாள்.

"நான் நச்சியல் டாக்டர். நீங்க எழுதுறதை ரொம்ப நாளா வாசிக்கிறேன். பச்சைக்கிளியில எலி மருந்து இருக்கு. புகைச்சவங்க எல்லாரும் உடனே வாங்க. மதுரை பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசல்ல மஞ்சள் குடையோட நிப்பேன். யாரும் உங்களைப் பிடிச்சுக் குடுக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

மொட்டைமாடி அப்படியே அடங்கிப்போனது.

"போச்சு," என்றான் ஷாகுல் தலையில் கைவைத்து. "எல்லாரையும் விரட்டி விட்டுட்டீங்க."

அப்போது ஒரு வரி வந்தது. "அப்பாடா! விருந்தாளி வாயைத் திறந்துட்டாருப்பா!"

அடுத்து இன்னொன்று. "டாக்டர், நீங்க இருக்கிறது எங்களுக்கு எப்பவோ தெரியும். உறுப்பினர் ஆகாம வாசிக்கிறவங்களை மன்றம் 'விருந்தாளி'ன்னு ஓரத்துல காட்டும். நாங்க இங்க ஒரு பொட்டலத்தைத் திட்டுனா, ஆஸ்பத்திரிச் சுவர்ல அதே பேர் நோட்டீஸா ஒட்டியிருக்கு. அதான் உங்களுக்குப் புரியட்டும்னு பேர், அளவு, என்ன பண்ணுச்சு, எல்லாத்தையும் தெளிவா எழுத ஆரம்பிச்சோம். புதுசா வர்றவங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கோம்."

ஷாகுலுக்கு முகம் சிவந்தது. "அப்போ அந்த விருது யாருக்கு?" என்றான் மெல்ல.

அவள் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவசரப் பிரிவு வாசலுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி முதலில் வந்தவர், தேய்த்த சட்டை போட்ட ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர். குடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புளியோதரை?" என்றாள்.

"ஆமாங்க மேடம். விருந்தாளின்னா நல்லா மீசை வச்ச ஆளா இருக்கும்னு நெனச்சோம்."

அவர் பிழைத்துக்கொண்டார். அன்று வந்த எல்லோரும் பிழைத்தார்கள். புளியோதரை படுக்கையிலிருந்தே மன்றத்தில் மருத்துவமனை உப்புமாவைப் பற்றிக் காரசாரமாக எழுதினார்.

கொஞ்ச நாள் கழித்து மொட்டைமாடி அவளுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. "மேடம், இனிமே ஓரமா உக்காந்து பார்க்கக் கூடாது. உறுப்பினர் ஆயிருங்க. கட்டணம் கிடையாது. எதை விட முடியாமத் தவிக்கிறீங்கன்னு முதல் பதிவுல உண்மையாச் சொல்லணும், அவ்வளவுதான்."

அங்கயற்கண்ணி சிரித்துக்கொண்டே காபி என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

"எழுந்ததும் முகம் கழுவுறதுக்கு முன்னாடி உங்க மன்றத்தைத்தான் திறக்கிறேன். ஞாயித்துக்கிழமையும். தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டுறப்பவும் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் திறக்கலைன்னா கை பரபரக்குது. வேலைன்னுதான் வீட்ல சொல்லியிருக்கேன்."

அனுப்பிய மறுகணமே பக்கத்து மேசையில் குறைகேளி மணியடித்தது. ஷாகுல் திரையை வாசித்தான்.

"புதிய தீங்கு. பொருளின் பெயர்: மொட்டைமாடி. அறிகுறிகள்: கைப் பரபரப்பு, வீட்டாரிடம் மறைத்தல். பாதிக்கப்பட்டவர்: ஒருவர்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மன்றத்தில் தனக்கும் ஒரு பெயரைப் பதிந்துகொள்ளத் தொடங்கினான்.

"ஒருத்தர் இல்லக்கா," என்றான். "ரெண்டு பேர்."