வெள்ளை வளையம்

மெஷினின் பிரேக்கை அணைக்க மறந்தது அவன்தான். வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனை அறையில் அந்தச் சாயங்காலம் அவனைத் தவிர இருந்தவை ஒரு குளிர்பெட்டியும் கை கழுவும் தொட்டியும்தான். இரண்டும் பழியை ஏற்கிற ரகமில்லை.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற வேலை அவனுக்கு. குழாயின் அடியில் கனமான தெளிந்த திரவம் கொஞ்சம் விட்டு, அதன்மேல் ரத்தத்தை, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி, கலங்காமல் ஊற்றி மெஷினில் வைக்க வேண்டும். சுற்றி முடிந்ததும் சிவப்பணுக்கள் கனம் தாங்காமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் நீர் நிற்கும். அந்த நீருக்கும் திரவத்துக்கும் நடுவே புகை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம், வெள்ளையணுக்கள். எல்லாப் பாடும் அதற்காகத்தான். நீளமான கண்ணாடிக் குழலை இறக்கி அந்த வளையத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்வார்கள். ஆனால் மெஷின் தானாகவே தளர்ந்து தளர்ந்து நிற்க வேண்டும். பிரேக் பிடித்தால் எல்லாம் கலங்கிக் கூழாகிவிடும்.

பிடித்துவிட்டது. மெஷின் ஒரு முக்கு முக்கி, மேசையே அதிர, சட்டென்று நின்றது.

நல்லவேளை, நோயாளிகளின் ரத்தத்தை மத்தியானமே பிரித்தாகிவிட்டது. உள்ளே இருந்தது அவனுடைய ரத்தம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஓர் ஆள் வேண்டும், வருகிறேன் என்றவர் வரவில்லை, அவனே கையை நீட்டியிருந்தான். வீட்டில் கைக்குழந்தை, இங்கே இரட்டை ஷிப்ட், நின்றபடியே தூங்குகிற ஜாதியாகி ஒரு மாதம் ஆகிறது. அவனை ஆரோக்கியமானவன் என்று எழுதிய பேனாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கூழைப் பார்க்கத் தயாராகி மூடியைத் திறந்தான்.

குழாயில் எல்லாம் பிரிந்து நின்றது, கோடு போட்ட மாதிரி. இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமாக அவனுக்கு ஒருநாளும் பிரிந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பிரேக் பிடித்த குழாய் இப்படிப் பிரியவே கூடாது.

போன் அதிர்ந்தது. மனைவி. "பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா. நீங்க வர்றீங்களா இல்லையா? சமாளிக்காம சொல்லுங்க."

"இதோ கிளம்பிட்டேன்மா."

"இதையே மத்தியானமும் சொன்னீங்க," என்று வைத்துவிட்டாள்.

குழாயை எடுத்து நன்றாகக் குலுக்கினான். முழுக்கச் சிவப்பாயிற்று. இனி தப்பை ஒத்துக்கொண்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதுதான். குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஊசியைத் தேடித் திரும்பினான். திரும்பி வந்தபோது சிவப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சுற்றவில்லை. மெஷின் மூடி திறந்தே கிடக்கிறது. சிவப்பு மட்டும் அவசரமில்லாமல், அலுத்துப்போன ஒருவன் படியிறங்குகிற மாதிரி இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது. அதற்குமேல் வெள்ளை வளையம் கூடியது.

"அக்கா," என்று கூப்பிட்டான்.

பக்கத்து அறையிலிருந்து பெரியக்கா வந்தாள். உறவில்லை, அந்தத் தளத்தின் மூத்த டெக்னீஷியன். மணி என்ன என்று கேட்டால்கூட "பாக்கலாம்" என்று சொல்கிற பிறவி. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு குழாயை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இது ஏன்க்கா இப்படி?"

"காலையிலேர்ந்து நின்னுகிட்டே இருக்கியா?"

"ஆமா. நான் வீட்டுக்குப் போகலாமா?"

"முதல்ல கொஞ்சம் உக்காரு," என்று முக்காலியைக் காலால் நகர்த்திக் கொடுத்தாள். "பாக்கலாம்." உள்ளே போய்விட்டாள்.

உட்கார்ந்தான். அப்பாடா என்றிருந்தது. ஸ்பிரிட் வாசனையும் குளிர்பெட்டியின் முனகலும், சூடேறிய மெஷினின் ரப்பர் நெடியும் சேர்ந்து கண்ணை இழுத்தன. மெஷின் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது, தூரத்தில் வண்டு சுற்றுகிற மாதிரி, ஒரே சீராக. அணைத்தோமே என்று பிளக்கைப் பார்த்தான். பிளக் சுவரில் இல்லை. கையில் இருந்தது.

காதைப் பொத்தினான். ரீங்காரம் கூடியது.

சத்தம் உள்ளேயிருந்து வந்தது. பல்லில். தாடை எலும்பில்.

செருப்பு இறுக்கியது. குனிந்து வாரைத் தளர்த்தப் போனான். பாதம் இரண்டும் ஊதிக் கருஞ்சிவப்பாக, கன்றிய பழம் மாதிரி இருந்தன. கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தான். சிவப்பு கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி மேலே போயிருந்தது. கையைப் பார்த்தான். விரல்களில் நிறமில்லை. நகத்துக்கடியில் வைக்கோல் நிறம். விளக்குக்கு நேரே பிடித்தால் எலும்பு நிழலாகத் தெரிந்தது.

எழுந்து நடக்க வேண்டும். ஓட வேண்டும். குதித்தாவது தன்னைக் கலக்கிக்கொள்ள வேண்டும். புத்திக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை. ஒரு மாதக் களைப்பு மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. வெட்கக்கேடு, பயத்துக்கு நடுவிலும் சுகமாக இருந்தது. இப்படி ஓய்ந்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று.

பாப்பா, என்று நினைத்தான். கிளம்பிட்டேன்மா.

போன் மறுபடி அதிர்ந்தது. எட்டவில்லை.

எதிரே மெஷினின் எவர்சில்வர் மூடி. அதில் ஒரு முகம். வைக்கோல் நிறம். கண்ணாடி போல, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிய. கழுத்தில் ஒரு வெள்ளை வளையம், புகை மாதிரி, மெல்லிசாக.

மிகச் சுத்தமாகப் பிரிந்திருந்தது.

காலடிச் சத்தம். பெரியக்கா வந்தாள். கையுறை மாட்டியிருந்தாள். கையில் நீளமான கண்ணாடிக் குழல். அவன் எதிரே குனிந்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை அவன் கழுத்து மட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அக்கா," என்றான். குரல் மேலே மிதந்தது. "நேராச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போகலாமா?"

பெரியக்கா அவன் தலையை ஒரு தரம் வருடிக்கொடுத்தாள். குழலின் நுனி மேலிருந்து மெல்ல இறங்கியது.

"இல்லடா தம்பி," என்றாள். "எங்களுக்கு இந்த வளையம் மட்டும் போதும். மீதியைக் கொட்டிடுவேன். ஆடாம உக்காரு."