இருபத்தைந்தைத் தாண்டாத மரணம்

"பெடல் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க மேடம்!"

"இருக்கு."

"பெல்லு?"

"அதுவும் இருக்கு."

"அப்போ அது சைக்கிள்! சைக்கிள் மோதி ஒருத்தன் செத்தா, சைக்கிள் கடைக்காரன உள்ள தள்ளுவீங்களா?"

கேட்டவன் சுரேஷ்குமார். ரமணாசிரமம் பக்கத்துச் சந்தில் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கால் மேல் கால் போட்டிருந்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் அருணாதேவி. டீ ஆறிக்கொண்டிருந்தது.

சுவரோர பெஞ்சில் தனம். இன்று காலையில்தான் விதவையானவள்.

அவள் புருஷன் அப்பாதுரை, சுரேஷ்குமார் கடையின் மெக்கானிக். விடிந்தும் விடியாத நேரத்தில், அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதை ஓரத்தில் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் சுரேஷ்குமார் கடை பேட்டரி சைக்கிள் ஒன்று, முன்சக்கரம் நெளிந்து...

"மறுபடியும் சொல்லு. என்ன நடந்துச்சு?"

"அப்பாதுரை கிரிவலம் நடந்துக்கினு இருந்தாரு. பின்னாடி வந்து அந்த பிரெஞ்சுக்காரன் பெர்னார் அடிச்சிட்டான். வண்டியப் போட்டுட்டு ஓடிட்டான். அவன் பேர்லதான் வாடகை. அவனக் கேளுங்க."

"ஓடிப்போனவன் ரூம்ல குறட்டை விட்டுக்கினு இருந்தான். பிரேக் சரியில்லன்னு நேத்து சாயங்காலமே வண்டிய உன் கடையில திருப்பி விட்டுட்டேன்கிறான்."

"பொய் மேடம்!"

"விடு. சட்டம் தெரியுமா உனக்கு?"

சுரேஷ்குமாருக்கு முகம் மலர்ந்தது. பிடித்த பாடம்!

"நல்லாத் தெரியும். மோட்டார் இருநூத்தம்பது வாட்டுக்குள்ள, வேகம் மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருந்தா அது சைக்கிள். லைசென்ஸ் வேணாம். நம்பர் பிளேட் வேணாம். இன்சூரன்ஸ் வேணாம். ஆக்சிடென்ட்னா ஓட்டினவன் பொறுப்பு."

"இருபத்தஞ்சைத் தாண்டினா?"

"தாண்டாது. உள்ள ஒரு வயர் இருக்கு. அது வேகத்தைப் புடிச்சு வைக்கும்."

"அந்த வயரை வெட்டிட்டா பைக் மாதிரி பறக்கும். அப்போ அது மோட்டார் வண்டி. ரிஜிஸ்டர் பண்ணாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. கொடுத்தவன் கழுத்துக்கு வரும். இல்ல?"

"வயர் நல்லாத்தான இருக்கு? பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். வண்டி பூரா செம்மண்ணு. அந்த வயர்ல மட்டும் பளபளன்னு புது டேப்பு! காலையில ஒட்டினியா?"

சுரேஷ்குமாரின் மேல் கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

பெஞ்சிலிருந்து தனம் முனகினாள்.

"யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும்ல மேடம்? பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருசம். நான் இன்னா பண்ணுவேன்? அந்த வெள்ளைக்காரனுக்கு ஊர்லயே இன்சூரன்ஸ் இருக்குதாம். அவன்தான் அடிச்சான்னு எழுதிக்குங்க. எங்களுக்கு வழி பொறக்கும்."

"யாரு சொன்னா, இன்சூரன்ஸ் இருக்குதுன்னு?"

தனத்தின் பார்வை ஒரு நொடி சுரேஷ்குமார் பக்கம் போய்த் திரும்பியது.

அருணாதேவி எழுந்தாள். ஜன்னலில் மலை தெரிந்தது. உச்சியில் ஒரு துண்டு மேகம், யாரோ மறந்து விட்டுப்போன துண்டு போல.

"கிரிவலம் செருப்பு போட்டுக்கினு போவாங்களா சுரேஷ்?"

"யாராச்சும் போவாங்களா? வெறுங்காலுதான்."

"அப்பாதுரையும் வெறுங்கால்லதான் கிடந்தான்."

"அதான் சொல்றேன்! நடந்துதான் போனாரு!"

"பாதி மலையச் சுத்தி வந்தவன் உள்ளங்கால்ல ஒரு பொட்டு மண்ணு இல்ல! தார் கறை இல்ல! மேல மட்டும் செருப்பு வார் தடம் வெள்ளையா இருக்கு. பறந்தா வந்தான்?"

சுரேஷ்குமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் சொல்லட்டா? பிரேக்கைச் சரி பண்ணி, ஓட்டிப் பார்க்க எடுத்துக்கினு போனான். வயர் வெட்டின வண்டி. வேகம் ஜாஸ்தி. அதுக்கு பிரேக் பத்தல. புளியமரத்துல போய் மோதிட்டான். மரத்துல வண்டி பெயின்ட் ஒட்டிக்கினு இருக்கு. நீ போன. பார்த்த. செருப்பைக் கழட்டின. மெக்கானிக்கை பக்தனா மாத்திட்ட!"

"மேடம்... நான் தனியா..."

"தனியா இல்ல. தெரியும்."

அருணாதேவி திரும்பினாள். சுரேஷ்குமார் பக்கம் அல்ல...

"தனம். அவன் செத்தது உனக்கு எப்போ தெரியும்?"

"போன் வந்துச்சு மேடம். நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்னை உள்ள உடல. மூஞ்சியக்கூட இன்னும் பாக்கல."

"அப்படியா? டாக்டர் ஒண்ணு சொன்னாரு. மண்ணே இல்லாத அந்தக் கால்ல, ரெண்டு கட்டைவிரல் மேலயும் குங்குமம்!"

தனத்தின் கை தன்னிச்சையாக நெற்றிக்குப் போனது.

அங்கே குங்குமம் பாதி கலைந்திருந்தது.

"கால்ல உழுந்து நெத்திய வெச்சு அழுதிருக்க. பொணத்தை இன்னா வேணா மாத்தலாம்னு வந்த. கும்புடாம மட்டும் போக முடியல... இல்ல?"

தனம் உடைந்தாள்.

"இவருதான் மேடம் போன் பண்ணி வரச் சொன்னாரு! வயரை வெட்டினது உன் புருசன். ஓட்டினதும் அவன். தப்பு அவன் மேலயே உழும், ஒண்ணும் கெடைக்காதுன்னாரு. வெள்ளைக்காரன் அடிச்சான்னு சொன்னாத்தான் பொழைக்கலாம்னாரு..."

"வெட்டச் சொன்னது யாரு?"

"இவருதான்! வண்டி வேகமா ஓடலன்னு கஸ்டமர் திட்றான், வெட்டுடான்னு..."

"ஏய் தனம்!" சுரேஷ்குமார் பாய்ந்தான். பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சகாதேவன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இந்த முறை கால் மேல் கால் ஏறவில்லை.

"இன்னொரு சட்டமும் இவனுக்குத் தெரியும் தனம். உன்கிட்ட சொல்லல." அருணாதேவியின் குரல் கசந்தது. "வேலையில இருக்கும்போது செத்தா முதலாளிதான் நஷ்டஈடு கொடுக்கணும். செத்தவன் மேல தப்புன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. நீ உன் புருஷன் பக்கத்துலயே உக்காந்து அழுதிருந்தா போதும். இவன் உனக்குப் பதில் சொல்லிக்கினு இருப்பான்."

"இப்போ?"

"இப்போ பொய் சாட்சி. ஆதாரத்தை அழிச்சது. குத்தமே பண்ணாத ஒருத்தனை மாட்டிவிட்டது. இவனோட சேர்ந்து நீயும் பதில் சொல்லணும்."

தனம் அழவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க சகாதேவனுக்கே பயமாக இருந்தது.

சிரித்து முடித்து, முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலத்துக்குக் கூப்புட்டேன் மேடம். வண்டி இருக்கும்போது எவன் நடப்பான்னு கிண்டல் பண்ணுவாரு. ஒரு தடவை கூட வந்ததில்ல... என்னை எங்க வேணா போடுங்க. அந்த மனுசன் மட்டும் மலையச் சுத்தி நடந்துதான் செத்தாருன்னு, ரிப்போர்ட்ல அந்த ஒரு வரிய மட்டும் அடிக்காம உட்டுடறீங்களா?"