கண்ணால் எடுத்த அளவு

"எக்ஸ்எல்."

அவ்வளவுதான் சொன்னான். அதையாவது மெதுவாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்... மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன உடுப்புக் கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொல்லிவிட்டான்.

நிரஞ்சலாவுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது.

"நான் உங்ககிட்ட என் சைஸ் கேட்டேனா?"

"கேக்கலைங்க மிஸ். ஆனா இதுல லேபிள் இல்லையே! எல்லாம் வெளிநாட்டுக்குத் தைச்சு மிஞ்சின உடுப்பு. லேபிளை வெட்டிட்டுத்தான் எங்களுக்குத் தருவாங்க. அதனால நாங்கதான் ஆளைப் பார்த்து..."

"பார்த்து?"

பக்கத்தில் நின்ற மஸீஹா முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி. நிரஞ்சலாவின் உயிர்த் தோழி. உயிர்த் தோழிகள் இப்படியான நேரத்தில்தான் காலை வாருவார்கள்.

வேறு நாளாக இருந்தால் நிரஞ்சலா அந்தக் கணமே வெளியேறியிருப்பாள். அன்றைக்கு முடியவில்லை. அவளுக்குக் கால் முழுக்க மூடுகிற ஒரு களிசான் கட்டாயம் வேண்டியிருந்தது. அதுவும் மலை ஏறுகிற களிசான்.

அவள் விவசாய அலுவலகத்தில் மிளகுச் செய்கைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். மூன்று வாரங்களுக்கு முன் ரிவஸ்டன் மலைக்கு அப்பால், வண்டி போகாத ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மிளகுக் கொடிகள் வேரோடு வாடிக்கொண்டிருந்தன. நிரஞ்சலா டெனிம் போட்டு, பருத்திச் சட்டை போட்டு, அதன் மேல் தடித்த மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். பாதி ஏற்றத்தில் மழை பிடித்தது. டெனிம் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. தொடை உரசிப் புண்ணாகியது. கோட்டுக்குள்ளே வியர்வை, வெளியே மழை... ஒரு பெரிய பாறையடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். கிராமத்தார் மாலை வரை காத்திருந்தார்களாம். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

மேலதிகாரி ஜெயக்காந்தன் நல்ல மனிதர். திட்டவில்லை. "வர்ற வியாழன் இன்னொருக்கா போய்ப் பாருங்க. ஏலலைன்னா சொல்லுங்க... கண்டியில மேசை வேலை ஒண்ணு காலியா இருக்கு, மாத்திவிடுறேன்" என்றார்.

கண்டியும் வேண்டாம், மேசையும் வேண்டாம்! கொடியைத் தொட்டுப் பார்த்து வேலை செய்யத்தான் அவள் இந்தப் படிப்பையே படித்தாள். வியாழக்கிழமை அந்த ஏற்றத்தை ஏறினால் வேலை அவளுடையது. ஏறாவிட்டால் இல்லை.

"மலை ஏறன்னு சொன்னீங்களே மிஸ்? டெனிம் மட்டும் வேணாம்" என்றான் கடைக்காரன். "நனைஞ்சா முதுகுல ஒரு ஆளைத் தூக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கும். மொத்தமான கொட்டன் துணியும் வேணாம், காயவே காயாது."

நனைந்த டெனிமின் பாரம் இவனுக்கு எப்படித் தெரியும்? முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். மெலிந்த, உயரமான ஆள். வெயிலில் கறுத்த கழுத்து. வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள்... கோபமாக இருக்கும்போது பார்க்கக் கூடாத கண்கள். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ஒரு களிசானை எடுத்து அவள் கையில் வைத்தான். கையில் ஏதோ இருக்கிறதா இல்லையா என்ற பாரம்தான்.

"மாசத்துக்கு ஒருக்கா நானும் மலைக்குப் போவேன். இது நனைஞ்சாலும் நடக்க நடக்கவே காஞ்சிடும். போட்டுட்டு முழங்காலை இடுப்பு வரைக்கும் தூக்கிப் பாருங்க. குந்தி எழும்பிப் பாருங்க. கையைத் தூக்கினா சட்டை மேல ஏறக் கூடாது. இதெல்லாம் சரின்னா உடுப்பு உங்களோட நடக்கும். இல்லைன்னா நீங்கதான் அதை இழுத்துட்டு நடக்கணும்."

"கறுப்பு இருக்கா?"

"ஏன் கறுப்பு?"

பன்னிரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு மாமி, 'இந்தப் பிள்ளைக்குக் கறுப்புப் போட்டாத்தான் மெலிவாத் தெரியும்' என்று சொன்னதை இவனிடமா சொல்ல முடியும்?

"கறுப்புல அட்டை ஏறினா தெரியாது மிஸ்" என்றவன், இளம் பச்சையில் ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்து நீட்டினான். "இதுல உடனே தெரியும். அதோட... உங்களுக்கு எடுப்பாவும் இருக்கும்."

சொல்லிவிட்டு ஏன்தான் சொன்னோமோ என்பது போலக் குனிந்து, ஒழுங்காகவே தொங்கிய உடுப்புகளை மறுபடி ஒழுங்குபடுத்தினான். நிரஞ்சலாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தப்பித் துடித்தது. அதற்காகவும் அவன்மீது கோபம் வந்தது.

"இதுல சின்னது குடுங்க. போட்டுப் பார்க்கத் தேவையில்லை."

"மிஸ், அது உங்களுக்குப் பத்தாது..."

"என் உடம்பு எனக்குத் தெரியும். பில்லைப் போடுங்க!"

அவன் மறு பேச்சில்லாமல் பில் போட்டான். பையின் மேல் தொலைபேசி இலக்கத்தையும், 'சாரங்கன்' என்று பெயரையும் எழுதினான். "மாத்தணும்னா ஒரு கால் பண்ணுங்க" என்றபோது அவன் குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது.

புதன்கிழமை போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு. நிரஞ்சலா தன் அறையில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு களிசானை மாட்டினாள். முழங்காலைத் தூக்கினாள்.

டர்ர்ர்...

பின் தையல் இடுப்பிலிருந்து கீழே வரை போயிருந்தது. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். விடிந்தால் மலை. வேறு கடையும் இல்லை. அந்த ஒரு இலக்கம் மட்டும் பையில் இருந்தது. கூப்பிடவா? கூப்பிட்டால் அவன் சிரிப்பானே! சிரிக்கட்டும்... சிரிக்கட்டுமா? கால் மணித்தியாலம் தன்னோடு தானே சண்டை பிடித்தாள். கடைசியில், அந்தப் பாறையடியில் இன்னொரு தடவை உட்கார்ந்து அழுவதைவிட இது மேல் என்று பட்டது.

முதல் மணி ஒலியிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ..."

"நான்... எக்ஸ்எல் பேசுறேன்."

அவன் சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றான் மெல்ல. "உங்க பேர் என்னங்க?"

"நிரஞ்சலா."

"நிரஞ்சலா மிஸ்... அரை மணித்தியாலத்துல கடையைத் திறக்கிறேன். வாங்க."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, கச்சான் கடலைப் பையும் கையுமாக, துணைக்கு வந்த மஸீஹா காவல் உட்கார்ந்தாள். உள்ளே சாரங்கன் ஈரத் தலையோடு நின்றான்.

"முதல்ல ஒண்ணு சொல்லணும். அன்னைக்குச் சனத்துக்கு முன்னால சத்தமாச் சொன்னது என் பிழை. நீங்க போனதுல இருந்து மனசே சரியில்லை. மன்னிச்சிருங்க."

"அப்போ அளவு?"

"அளவு சரிதான்" என்றான் பரிதாபமாக. "தொழில்ல எனக்குப் பொய் சொல்ல வராது."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. மூன்று நாள் கோபமும் அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

அவன் எடுத்துக் கொடுத்த பெரிய அளவைத் திரைக்குப் பின்னால் போய் உடுத்தினாள். முழங்கால் இடுப்பு வரை வந்தது. குந்தினாள், எழுந்தாள், கையைத் தூக்கினாள்... எதுவும் பிடிக்கவில்லை, எதுவும் இழுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். இளம் பச்சைச் சட்டையில், மண்ணிறக் களிசானில், நிமிர்ந்த தோளோடு ஒருத்தி நின்றாள். மெலிந்தவள் இல்லைதான். ஆனால் மலை ஏறக்கூடியவள். 'நல்லாத்தான் இருக்கேன்!' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லி எத்தனை வருடமாயிற்று...

திரையை விலக்கினாள். சாரங்கன் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"அது... வந்து..."

"வாயை மூடுங்க தம்பி, ஈ போயிரும்" என்றாள் வாசலில் இருந்த மஸீஹா. "நிரா, சும்மா சொல்லக் கூடாதுடி. மாஷா அல்லாஹ்! ராணி மாதிரி ஈக்கிறாய்."

முகம் சிவக்க, அட்டை கடிக்க முடியாத நீளக் காலுறையும், மடித்தால் கைக்குள் அடங்குகிற மெல்லிய காற்றுச் சட்டையும் எடுத்து வைத்தான் சாரங்கன். "மேல போகப் போக காத்து அடிக்கும், அங்க இதைப் போடுங்க. ஏறும்போது வேணாம், வேர்க்கும்." பிறகு தயங்கித் தயங்கி, "நாளைக்கு... நானும் துணைக்கு வரட்டுமா?"

வா என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம் சாரங்கன். இதை நான் தனியாத்தான் ஏறணும்."

"அதுதான் சரி" என்றான் உடனே. அந்த உடனேதான் அவளுக்கு மிகவும் பிடித்தது.

வியாழக்கிழமை பாதி ஏற்றத்தில், சொல்லிவைத்தது போல மழை வந்தது. நிரஞ்சலா நனைந்தாள். ஆனால் கால் கனக்கவில்லை. மழை விட்டதும் காற்றிலேயே துணி காயத் தொடங்கியது. காலுறையில் ஏறிய அட்டைகளைச் சுண்டிவிட்டபடி நடந்தாள். அந்தப் பாறையைக் கண்டதும் நிற்கவில்லை. நிற்கத் தேவையும் இருக்கவில்லை.

பத்தரைக்குக் கிராமத்தில் இருந்தாள். கொடி கொடியாகக் குந்தி உட்கார்ந்து வேரைக் கிளறிப் பார்த்தாள். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்தது. எங்கே வடிகால் வெட்ட வேண்டும், எந்தக் கொடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டமாக நடந்து சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தாள். திரும்பும்போது, சிக்னல் கிடைத்த இடத்தில் ஜெயக்காந்தனை அழைத்தாள்.

"வேலை முடிஞ்சுது சேர். ஒவ்வொரு வியாழனும் வாறேன்னு சொல்லிட்டேன். கண்டிக்கு வேற யாரையாவது போடுங்க."

"தெரியும் பிள்ளை" என்று அவர் சிரித்தார்.

மாலையில் இரத்தோட்டையில் பஸ் மாறுவதற்காக இறங்கினாள். முழங்கால் வரை சேறு, கலைந்த தலை. எதிரே குடையும் கையுமாகச் சாரங்கன்!

"நீங்க எங்க இங்க?"

"சும்மா... ஒரு வேலையா வந்தேன்."

"என்ன வேலை?"

அவன் குடைக்கம்பியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஏறிட்டேன் சாரங்கன். முழுசா ஏறிட்டேன்!"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், அவனே ஏறி வந்தது போல இருந்தது. ஆனால் மறுகணமே அந்த மலர்ச்சி வாடியது.

"சந்தோஷம்ங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன், வேற வேலை ஒண்ணும் இல்லை. நான் போறேன்."

"ஏன் ஓடுறீங்க?"

"நீங்க அரசாங்க உத்தியோகத்தர். நான் லேபிள் வெட்டின உடுப்பு விக்கிறவன். இதுக்கு மேல நின்னா... தேவையில்லாததை எல்லாம் பேசிடுவேன்."

ஓ! ஐயாவுக்கும் ரோஷம் இருக்கிறதா? அவள் கோபத்துக்கு மூன்று நாள் போதாதென்று, இவன் ரோஷத்துக்கு எத்தனை நாள் போக வேண்டும்? நிரஞ்சலாவுக்கு இனிப் பொறுமை இல்லை. மலை ஏறி வந்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்!

"சாரங்கன், என்னைப் பாருங்க. கண்டி வேணாம்னு சேர்கிட்ட சொன்னது வேலைக்காக. அது சத்தியம். ஆனா பஸ்ல வரும்போதுதான் நினைச்சுப் பார்த்தேன்... கண்டிக்குப் போயிருந்தா உங்களையும் விட்டுட்டுப் போயிருப்பேன். அந்த நினைப்பு எனக்குத் தாங்கல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என் அப்பா விஜயரத்தினம், ரிட்டயர்ட் மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை வீட்ல இருப்பார். வந்து பேசுங்க. அவர் வேணாம்னு சொன்னா நான் பேசிக்கிறேன்."

மாத்தளை பஸ் வந்து நின்றது. நடத்துனர் "மாத்தளை, மாத்தளை" என்று கத்தினார். இரண்டு பேரும் அசையவில்லை. சாரங்கனின் கண்கள் கலங்கிப் பளபளத்தன.

"எனக்கு..." என்றான். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். "நீங்க கோவமா என்னைப் பார்த்தீங்களே, அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு, நிரஞ்சலா. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோட வாறேன்."

பஸ் புறப்பட்டுப் போனது. அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். அந்த ஒரு மணித்தியாலம் இருவருக்கும் போதவில்லை.