எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் தமிழ்நாட்டுத் துப்பறியும் கலை ஒரு புதிய யுகத்துக்குள் காலெடுத்து வைத்தது. அந்தக் காலில் பெங்களூரில் வாங்கிய பூட்ஸ் இருந்தது. ஒரு நம்பர் சிறியது. காலுக்குச் சொந்தக்காரன் அக்பர் பாஷா, பயிற்சி சப்-இன்ஸ்பெக்டர். யுகம் பிறந்த செய்தி அவனுக்கு மட்டும்தான் தெரியும். பாகலூர் ரோட்டை ஒட்டிய அந்த எல்லையோர நிலையத்தில் மற்றவர்கள் அவனை "ட்ரெய்னிங்" என்று கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான். சில நாள் முன்னாலும்.

காரியம் என்னவோ பெரியதுதான். ஐப்பசியிலிருந்து நான்கு பெண்கள் செத்திருந்தார்கள். எல்லாரும் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க, தைலமரத் தோப்பின் குறுக்கே பனியில் நடந்து வந்தவர்கள். பின்மண்டையில் ஒரு அடி. காதிலும் மூக்கிலும் இருந்தது போயிருக்கும். தலையில் ஒரு சிமெண்ட் சாக்கு கவிழ்த்திருக்கும். நால்வரையும் கண்டெடுத்தது எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கர்நாடக மண்ணில். ஆகவே வழக்கும் அந்தப் பக்கத்து நிலையத்தில். ஆனால் செத்தவர்கள் இந்தப் பக்கத்து ஊர்க்காரிகள். சொந்தக்காரர்கள் ரோட்டை மறித்தார்கள். "தனி அதிகாரி போட்டாச்சு" என்று இன்ஸ்பெக்டர் கூட்டத்திடம் முழங்கிவிட்டு உள்ளே வந்து, சும்மா இருப்பது யார் என்று பார்த்தார்.

பாஷாவை உறுத்தியது ஒரு சின்ன விஷயம். நான்காவது பெண்ணின் குதிகால்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் பார்த்தான். தரையில் இழுத்ததில் தோல் தேய்ந்து, பொடிக்கற்கள் பதிந்திருந்தன. அதில் ஒன்றுமில்லை. ஆனால் காயத்திலிருந்து ரத்தம் வழிந்து பாதத்தின் வளைவுவரை ஓடிக் காய்ந்திருந்தது. செத்த உடம்பை உரசினால் தோல்தான் உரியும், ரத்தம் ஓடாது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடி மட்டும் காரணம் இல்லப்பா. ரொம்ப நேரம் பனியில கெடந்திருக்கா. உடனே கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பா."

அன்றிரவு பாஷாவின் மனத்தில் கொலைகாரன் முழு உருவம் எடுத்தான். அடித்தபின் ஓடாதவன். உயிரோடு இருப்பவளை எல்லைவரை இழுத்துப் போகிறவன். பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், மூச்சு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பவன். முகம் மட்டும் தெரியவில்லை. பல் துலக்கும்போது, சோறு தின்னும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ பொறுமையாகக் குந்தியிருப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் சுவர்.

மறு வாரம், பொழுது விடியும் நேரத்தில், பால்காரன் ஒருவன் நிலையத்து வாசலில் சைக்கிளை நிறுத்தி, தோப்பில் ஏதோ கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, பெயர் கேட்பதற்குள் மிதித்துவிட்டான். ஏட்டு சென்னப்பன், திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் சுடலைமுத்து, பாஷா ஆகிய மூவரும் ஜீப்பை ரோட்டில் விட்டுத் தோப்புக்குள் இறங்கினார்கள். பனி தைல இலைகளின் வாசனையோடு மூக்குக்குள் ஏறி நெஞ்சில் ஈரத்துணி போல ஒட்டியது. மரங்கள் நாலடிக்கு ஒன்றாகத் தோன்றி, கிட்டே போனதும் வெறும் மரமாகி, கடந்ததும் மீண்டும் ஆளாக நின்றன. தொலைவில் ஏதோ கம்பெனியின் சங்கு ஊதி ஓய்ந்தபின், இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் யாரோ கூடவே நடப்பது போல மூவரையும் தொடர்ந்து வந்தது.

பயத்தை மறைக்கப் பாஷா தன் ஆராய்ச்சியை எடுத்துவிட்டான். "கொலைகாரன் உயிரோட எல்லை தாண்டி இழுத்துட்டுப் போறான் ஏட்டய்யா. அது அவனுக்கு ஒரு சடங்கு."

சென்னப்பன் நின்றார். "சுடலை, கேட்டுக்கினியா? நாம பண்றது சடங்காம்."

"மந்திரந்தான் தெரியாது அண்ணாச்சி," என்றான் சுடலைமுத்து.

"என்ன சொல்றீங்க?"

"இழுக்கறது நாங்க சார்," என்றார் சென்னப்பன். "இந்தப் பக்கம் கெடந்தா கேஸ் நம்மளுது. அந்தப் பக்கம் போட்டா அவங்களுது. அவங்க முழிச்சிக்கினா திருப்பி இங்க தள்ளுவாங்க. மூணாவது பொம்பளை ரெண்டு வாட்டி போய்ட்டு வந்தா, டவுன் பஸ் மாதிரி. இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலையா?"

ஒரு வார உழைப்பு. அவ்வளவுதான். பூட்ஸ் கடித்தது. கொஞ்ச தூரம் போனபின்தான் பாஷாவுக்கு மிச்சம் உறைத்தது.

"ஏட்டய்யா. நாலாவது பொம்பளைக்குக் குதிகால்ல ரத்தம் ஓடியிருந்துது. செத்தவங்களுக்கு ஓடாது."

சிரிப்பு நின்றது. சென்னப்பன் திரும்பவில்லை.

"பனி சார்," என்றார். "பனியில எல்லாமே ஈரமாத்தான் தெரியும்."

அப்போதுதான் சத்தம் கேட்டது. காகிதத்தை மெல்லக் கசக்குவது போல. நின்றது. மறுபடி கசங்கியது.

கல்லுக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். நீலநிறக் கம்பெனி கோட்டு. தலையில் சிமெண்ட் சாக்கு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

"உயிர் இருக்கு!" பாஷா மண்டியிட்டுச் சாக்கைப் பிடித்தான். "தூக்குங்க. ஜீப்புக்கு."

யாரும் அசையவில்லை.

"சாக்கை எடுக்காதீங்க சார்," என்றார் சென்னப்பன், பால் பொங்குவதைச் சொல்வது போல. "உங்க முகத்தைப் பார்த்துட்டா வம்பு. ஜீப்ல போகச்சொல்ல செத்தா, கடைசியா தொட்டது யாருன்னு கேப்பாங்க. நம்ம மண்ணு, நம்ம ஜீப்பு, நம்ம கேஸு. துப்பு கெடைக்காத கொலையை வெச்சிக்கினு இன்ஸ்பெக்டர் உங்களுக்கு என்ன ரிப்போர்ட் எழுதுவாரு? பொட்டி கட்டிக்கினு உங்க ஊரு நாகரசம்பட்டிக்குப் போயி மாங்கா தோப்பு காக்க வேண்டியதுதான்."

சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல். "நீள்ளு."

சுடலைமுத்து காதைக் கொடுத்தான். "தெலுங்குல தண்ணி கேக்கா அண்ணாச்சி."

"தமிழ்ல கேட்டாலும் ஒரு நியாயம். கன்னடத்துல கேட்டா இப்பவே அங்க தள்ளிடலாம்," என்றார் சென்னப்பன். "இவ ரெண்டு பக்கத்துக்கும் சேராம கேக்கறா."

சுடலைமுத்து துண்டை நாலாக மடித்து ஈர இலைமேல் போட்டான். அதன்மேல் குந்தினான். பழகிய குந்தல். தினம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனின் குந்தல். சென்னப்பன் ஒரு மரத்தில் சாய்ந்தார்.

"எதுக்கு உக்காருறீங்க?" பாஷாவின் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

"துடிக்கறவளை இழுத்தா பாவம் சார்," என்றார் சென்னப்பன். "போன வாட்டி அவசரப்பட்டுட்டோம். நீங்களே ரத்தம் அது இதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. இந்த வாட்டி நிதானமா."

பனிக்கு அப்பால் சுள்ளி முறிந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு உருவங்கள். தொப்பி தெரிந்தது. லத்தி தெரிந்தது. அவர்களும் குந்தினார்கள்.

"ஆயித்தா?" என்று அங்கிருந்து ஒருவன் கேட்டான். முடிந்ததா என்று.

"இன்னூ இல்லா," என்றார் சென்னப்பன். இன்னும் இல்லை.

பாஷா ரோட்டுப் பக்கம் பார்த்தான். ஜீப் அங்கேதான். ஓடினால் எட்டிவிடலாம். தூக்கிக்கொண்டே ஓடலாம்; ஒடிசலான பெண்தான். எழுந்தான். இன்ஸ்பெக்டரின் முகம் வந்தது. ரிப்போர்ட் வந்தது. நாகரசம்பட்டி வந்தது. மறுபடி குந்தினான். பூட்ஸ் கடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் கை நகர்ந்தது. இலைகளைத் தடவியது. அவன் பேண்ட்டின் ஓரத்தைக் கண்டுபிடித்தது. பற்றியது. கண்ணாடி வளையல் ஒன்று. விரல் நுனியில் இயந்திர எண்ணெய்க் கறுப்பு.

"அண்ணா," என்றது சாக்கு. "நீள்ளு, அண்ணா."

பாஷா குனிந்தான். ஒரு விரலைப் பிரித்தான். பிறகு அடுத்த விரலை. மெதுவாக. வலிக்காமல். கடைசி விரல் மட்டும் விடவில்லை. அதையும் பிரித்தான். அந்தக் கையை அவள் மார்பின்மேல் வைத்து, நழுவாமல் இருக்க அழுத்திக்கொண்டான்.

உள்ளே போனது. வெளியே வந்தது.

"ஆயித்தா?"

சென்னப்பன் கண் அயர்ந்திருந்தார். சுடலைமுத்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். சாக்கு உள்ளே போனது. வெளியே வர நேரமானது.

"இன்னூ இல்லா," என்றான் அக்பர் பாஷா.

வெயில் ஏறியதும் இரண்டு மாநிலத்தாரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள்.