சத்தம் அளக்க வந்தவன்

மழைக்கு ஒதுங்கி நின்றவனின் கையைப் பிடித்து அவள்தான் உள்ளே இழுத்தாள். பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அதை அவளால் மறுக்க முடியவில்லை...

தப்பு முழுக்க அவளுடையது என்றும் சொல்ல முடியாது. மூன்று மணிக்கு வருகிறேன் என்ற ஒலிப்பதிவு ஆள் நாலரை ஆகியும் வரவில்லை. வாசல் கூரைக்கு அடியில் ஒருவன் நிற்கிறான். தோளில் மூன்று கால் ஸ்டாண்டு, கையில் பெட்டி, பெட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் கறுப்புப் பஞ்சு மாட்டிய மைக். யாராக இருந்தாலும் இழுத்திருப்பார்கள்.

"ஒன்றரை மணி நேரம் லேட்டு. இதுல வாசல்ல நின்னு மழையை வேற ரசிக்கிறீங்க. வாங்க உள்ள."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். தமிழ்... இந்த அயல்நாட்டு ஊருக்கு வந்து மூன்று வருடத்தில், அம்மாவோடு போனில் பேசுவதைத் தவிர அவன் காதில் விழாத தமிழ். அதுவும் முதல் வார்த்தையே திட்டு. திட்டுகிறவளின் கண்களோ, இமையில் இரண்டு மழைத்துளியோடு, சிரிப்பை உள்ளே பூட்டி வைத்திருந்தன. அந்த ஒரு நொடியில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அது ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். முன்பு சாமான் கிடங்கு; இப்போது எல்லோரும் கூடம் என்று அழைத்தார்கள். ஒரு மூலையில் அடுப்பு. ஒரு மூலையில் மேளங்கள். நடுவில் கொடி கட்டித் தொங்கவிட்ட படுக்கை விரிப்புகள். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு முகம், மேலே குடியிருக்கும் நாற்பது வீட்டாரின் முகங்கள். அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையில் கழித்துப்போட்ட விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு வருவாள். பகலெல்லாம் பஸ் ஓட்டும் மாமா மாலையில் அவற்றில் வரைவார். அவர் யாருக்கும் சொந்த மாமா இல்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா. அடுப்படி அவளுடைய சித்தியின் ராஜ்ஜியம். பல தேசங்களிலிருந்து வந்து இந்தக் கட்டடத்தில் ஒதுங்கியவர்கள் இங்கே வரைந்தார்கள், பாடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கட்டட முதலாளிக்குப் பதில் கடிதமும் எழுதினார்கள்.

அவனை மேளத்துக்கு முன்னால் நிறுத்தினாள். மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுத்தாள். பிறகு வாசித்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கடைசி அடி விழுந்து, தோலின் அதிர்வு தேய்ந்து, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போகும்வரை திறக்கவே இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி யாரும் அவள் வாசிப்பைக் கேட்டதில்லை. எல்லோரும் கடைசி அடியிலேயே கைதட்டிவிடுவார்கள். இவன் அதற்கு அப்புறமும் கேட்டுக்கொண்டிருந்தான்... அவளுக்கு ஏனோ கழுத்து சூடானது.

சித்தி தட்டோடு வந்து, சாப்பிட்டுவிட்டு மீதி வேலையைப் பார் தம்பி என்று அவன் கையில் திணித்தாள். முதல் கவளம் வாய்க்குப் போகும்போதுதான் பஸ் மாமா வந்தார், நிஜமான ஒலிப்பதிவு ஆளைக் குடைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

எல்லோரும் இவனைப் பார்த்தார்கள். இவன் தட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். நகராட்சியில் சத்தம் அளக்கும் பிரிவு. இந்தக் கூடத்தின் மேல் முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். மழையில் கருவி சரியாகக் காட்டாது, அதனால் மழை விடட்டும் என்று நின்றிருந்தான்.

"அப்போ உளவு பாக்க வந்தீங்க," என்றாள் அவள். பூட்டியிருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. "சோறும் சாப்பிட்டாச்சு."

"ஒரு வாய்தான் சாப்பிட்டேன்," என்றான் அவன், பரிதாபமாக.

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவன் விதியைச் சொன்னான். சத்தம் ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால் கூடத்தின் அனுமதி ரத்தாகும், கதவுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். முதலாளியின் அலுவலக ஜன்னலுக்குக் கீழே, முற்றத்தில், இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒரு தடவை இவர்கள் வாசிக்கும்போது. இன்னொரு தடவை எல்லோரும் பதினைந்து நிமிடம் துளிச் சத்தம் போடாமல் இருக்கும்போது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு மறுபடி வருவான். அதுதான் கடைசி வாய்ப்பு.

சனிக்கிழமைதான் நாற்பது வீடும் ஒன்றாகக் கூடும் நாள். நாற்பது முகங்களையும் ஜன்னல்களில் தொங்கவிடப்போகும் நாள். அன்றைக்கா வாயை மூட வேண்டும்?

"எங்களை வாயை மூடச் சொல்லி நிறையப் பேர் வந்தாச்சு சார். நீங்க மெஷினோட வந்திருக்கீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

"அந்தப் பதினஞ்சு நிமிஷம் இல்லேன்னா, காத்துல இருக்கிற சத்தம் பூரா உங்க பேர்லதான் எழுதணும்."

"எழுதிக்கோங்க."

வெளியே மழை விட்டிருந்தது; அவன் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கவனித்துவிட்டு, அந்தப் பதினைந்து நிமிடத்தை இன்னொரு தடவை கேட்டான். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள் என்றாள். அளக்கிறதுக்கு முன்னால் அதற்கு மேல் தான் பேசக் கூடாது என்றான். காதுமடல் சிவக்க, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஈரத் தெருவில் இறங்கிப் போனான்.

அந்த வாரம் கூடத்தில் வேறு பேச்சே இல்லை. பஸ் மாமா, சனிக்கிழமை மேளத்தை இரட்டிப்பாக்கி அந்த மெஷினையே வெடிக்க வைக்கலாம் என்றார். சித்தி வெங்காயத்தை உரித்தபடி, அந்தப் பையன் நம்மைக் கெடுக்க வந்தவன் மாதிரித் தெரியவில்லையே என்றாள். கெடுக்க வருகிறவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவார்கள் என்று அவள் சீறினாள். சித்தி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெங்காயத்தைத்தான் பார்த்தாள், ஆனால் பார்த்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சலவைக் கடையில் ஆவி பறக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று விரிப்புகளை மடிக்கும்போது அவளுக்குத் தனியாக யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. கூடம் மூடினால் நாற்பது வீடும் நாற்பது தனித்தனி வீடாகிவிடும். ஒவ்வொருத்தராகக் கிளம்ப வேண்டியதுதான். அதை நினைக்க ஆரம்பித்தால், எங்கிருந்தோ வந்து நின்றன அவனுடைய மூடிய கண்கள். சத்தம் முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தானே... அப்படி அவன் என்னத்தைக் கேட்டான்?

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஐந்து மணிக்கு முற்றத்தில் ஸ்டாண்டு நின்றது. பக்கத்தில் அவன். அவனுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, முதலாளியின் மேனேஜர். நூற்று இருபது பேர் முற்றத்தையும் கூடத்தையும் நிறைத்திருந்தார்கள். அவள் வாசித்தாள். ஜனம் பாடியது. மேனேஜர் கருவியைக் குனிந்து பார்த்துப் புன்னகைத்தார். அறுபது.

அவன் அவளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. மூன்றாவது தடவை கெஞ்சுகிற ஆள் இல்லை. அவளைப் போலவே பிடிவாதக்காரன்...

அடுத்த பாட்டுக்குக் கையை ஓங்கினாள். பஸ் மாமா மூச்சை இழுத்துத் தயாரானார். ஓங்கிய கை அப்படியே நின்றது. குச்சியை மெல்லக் கீழே வைத்தாள். உள்ளங்கையை விரித்துக் கூட்டத்தைப் பார்த்துக் காட்டினாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் கேட்டால் செய்வார்கள். அடுப்படியில் கரண்டி நின்றது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தையை ஒரு தாய் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அமைதி.

முதல் நிமிடம் அவமானமாக இருந்தது. இரண்டாவது நிமிடம் கோபமாக இருந்தது. மூன்றாவது நிமிடத்தில்தான் கேட்டது.

ம்ம்ம்ம்ம்... என்று ஒரு உறுமல். முதலில் பஸ் மாமா தலையைத் தூக்கினார். பிறகு சித்தி. பிறகு ஒருவர் பின் ஒருவராக நூற்று இருபது முகங்களும் மேலே திரும்பின. மொட்டை மாடியில், முதலாளியின் அலுவலகத்தைக் குளிர வைக்கும் பெரிய இயந்திரம். ஆறு வருடமாக அது ஓடிக்கொண்டிருந்தது. பழகிப்போய், அப்படி ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள். தான் இவ்வளவு ஓங்கி அடிக்கப் பழகியதே அதற்கு மேல் கேட்கத்தான் என்று அவளுக்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. மழைநாளில், மழை விட்டதும், அவன் அதைக் கேட்டிருக்கிறான்.

எல்லோரும் மேலே பார்க்க, அவன் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். அவளும் பார்வையை நகர்த்தவில்லை. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது... பேச முடியாது, அசைய முடியாது, ஓட முடியாது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை அவள் அறிந்ததில்லை. அவன் கண்கள் மன்னிப்புக் கேட்டன. அவள் கண்களும் கேட்டன. அப்புறம் இரண்டு பேர் கண்களும், கேட்க ஒன்றுமே இல்லாமல், வெறுமனே இருந்தன.

கருவியின் திரையை மேனேஜர் இரண்டு தடவை துடைத்துப் பார்த்தார். நூற்று இருபது பேர் வாயை மூடியிருந்தும் ஐம்பத்தெட்டு. கையெழுத்துப் போடும்போது அவர் புன்னகைக்கவில்லை.

அவன் பெட்டியைக் கட்டினான். முடிவு என்ன என்று அவள் ஓடிவந்து கேட்டாள். கடிதம் வரும்வரை தான் பேசக் கூடாது என்றான். வேறு எதாவது பேசலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. புகார் தள்ளுபடி. இயந்திரத்தைச் சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது என்று முதலாளிக்கு உத்தரவு. அன்று மாலை அந்த உறுமல் நின்றபோது நாற்பது வீட்டு ஜன்னல்களும் திறந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், அதற்குக் கீழே விரிப்பில் அதே முகம். பஸ் மாமா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, தான் வரைந்ததில் யாருக்கும் மூக்கு சரியாக வரவில்லை என்று சொல்லி அழுதார். சித்தி இரண்டு சட்டி சமைத்தாள்.

அவன் மட்டும் வரவில்லை. சனி போனது. ஞாயிறு போனது.

"நீயே போய்ப் பாரேன்டி," என்றாள் சித்தி.

"எனக்கென்ன தலையெழுத்தா?"

திங்கட்கிழமை காலை அவள் நகராட்சி அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தாள். நான்கு ஜன்னல்கள். இரண்டாவதில் அவன். அவள் முறை வந்தபோது அவன் நிமிர்ந்தான். கையிலிருந்த பேனா மேஜையில் உருண்டது.

"ஒரு புகார் குடுக்கணும்."

"யார் மேல?"

"அளக்க வந்த ஒரு ஆள் மேல. வேலை முடிஞ்சதும் திரும்பியே பாக்காம போயிட்டார். எங்க சித்தி ரெண்டு சட்டி சமைச்சு வீணாப் போச்சு."

"சித்தி மட்டும்தான் எதிர்பார்த்தாங்களா?"

அவள் டோக்கனை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

அவன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, அவள் பக்கம் திருப்பி வைத்தான். அந்த ஊர் மொழியில் அச்சடித்த படிவம். இன்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார், இதற்காகத்தான் காத்திருந்தேன், சாயங்காலம் நானே வந்திருப்பேன் என்றான். அவள் நம்பாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். இனி அந்தக் கட்டடம் பற்றிய எந்தப் புகாரையும் தன்னிடம் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். காரணம் என்ற கட்டத்துக்குள், சின்னக் கையெழுத்தில், இரண்டே வரி.

"அங்கே இருக்கும் ஒரு பெண்ணை நான் விரும்புகிறேன். இனிமேல் அந்த இடத்தில் என் காதை நம்ப வேண்டாம்."

ஒரு தடவை படித்தாள். எழுத்துகள் நனைந்த மாதிரித் தெரிந்தன. இன்னொரு தடவை படித்தாள்.

"இதை உங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாச்சா?"

"மூணு பேர்."

"எங்கிட்டதான் கடைசியா சொல்றீங்க."

"தாமதந்தான். ஒன்றரை மணி நேரத்துக்குத் திட்டினவங்க, இதுக்கும் திட்டுங்க."

அவள் திட்டவில்லை. கண்ணாடியில் இருந்த சின்ன வட்டத் துளையருகே குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மிக மெல்லிய குரலில், தனக்கும் அப்படித்தான் என்று சொன்னாள்.

அவன் கண்ணை மூடியிருந்தான்.

"கேக்கலையா?"

"கேட்டுச்சு... இன்னொரு தடவை கேக்கணும்."

அவள் நிமிர்ந்து நின்றாள். மேளக்காரி அவள், நான்கு ஜன்னலுக்கும் கேட்கச் சொன்னாள். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. ஆனாலும் பக்கத்து ஜன்னல் அம்மாள் முத்திரை குத்துவதை நிறுத்தினாள், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்... என்ன சொன்னாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.