பட்டியலில் இல்லாத கட்டில்

அந்த வீட்டில் ஏழாவதாக ஒருத்தி இருந்ததில்லை. அப்படியொரு விதியை எவரும் எழுதிவைக்கவில்லை. எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. ஆயினும் வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கையின் முடிவில் இருந்த கனகேஸ்வரியின் வீட்டில், வாடகைக்கு இருந்த ஐந்து பெண்களும் வீட்டுக்காரியும் அதனைத் தவறாது கடைப்பிடித்தனர். மேசையில் ஆறு சோற்றுக்கோப்பைகள் வைக்கப்பட்டன. வாசற்கதவின் பின்புறம் பிளாஸ்ரிக் உறைக்குள் தொங்கிய, பொலிஸ் முத்திரை பதித்த குடியிருப்போர் பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன. றஞ்சிதம் என்ற பெயரை எவரும் உச்சரிப்பதில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசி மழையின் நடுவே ஒரு காலையில் பாலேஸ்வரி தாடைவலியுடன் விழித்தாள். காதின் கீழிருந்து கழுத்துவரை யாரோ இரவு முழுதும் கயிறு முறுக்கியதுபோல ஒரு கடுப்பு. நாக்கில் சுண்ணாம்புத் தூள்போன்ற ஒரு சுவை. அது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. பழகாதது எதிர்க்கட்டிலில் இருந்தது. மூன்று மாதமாக எவரும் படுக்காத அக்கட்டிலின் தலையணை நடுவே, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவில், ஈரம். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒழுக்கு எதுவும் இல்லை. தொட்டாள். உமிழ்நீரின் வழுவழுப்பு. அதில் ஒட்டியிருந்த வெண்மையான பொடி விரலில் நெருநெருத்தது.

தலையணையைப் புரட்டி வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

"அக்கா, உங்கட பல்லு மில் ராத்திரியும் நிக்கேல்லை," என்றாள் சிவமணி, பாணில் பட்டர் பூசியபடி. அடுத்த அறைக்காரி, மருந்துக்கடையொன்றில் வேலை. "எத்தனை மூடை அரிசி குத்தினனீங்கள்? எங்களுக்கும் ஒரு கொத்துத் தாங்கோவன்."

மற்ற மூவரும் சிரித்தனர். கனகேஸ்வரி சிரிக்கவில்லை.

"பாலேஸ், பிள்ளை, சத்தம் ஒழுங்கைவரைக்கும் கேக்குது. கீழ்வீட்டுச் சிங்கள அய்யே என்னட்டைக் கேட்டவர், ராவில என்ன மெசின் ஓடுதெண்டு. இப்பிடியெண்டால் நான் பட்டியலிலை இருந்து பேரை எடுக்கவேண்டி வரும். கோவிக்காதையும்."

கோவிக்க இடமிருக்கவில்லை. பட்டியலில் பெயரில்லாத யாழ்ப்பாணத்துப் பெண் கொழும்பில் ஓர் இரவுகூடத் தங்க இயலாது. தங்கினால் என்ன நடக்கும் என்பதை அந்த மேசையைச் சுற்றியிருந்த ஆறு பேரும் கண்ணால் கண்டிருந்தனர்.

றஞ்சிதம் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து புடவைக்கடை வேலைக்கு வந்தவள். பாலேஸ்வரியின் அறையில், எதிர்க்கட்டிலில், ஐந்து மாதம் இருந்தவள். அவளுடைய பெயரைப் பட்டியலில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது கனகேஸ்வரி கையசைத்துச் சிரித்தாள்: "மலைநாட்டுப் பிள்ளைக்குப் பதிவென்னத்துக்கு? அந்தக் கரைச்சல் எங்களுக்குத்தானே." அதனை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். யாழ்ப்பாணத்தாரின் துயரத்தில்கூட அவளுக்குப் பங்கில்லை என்பது அன்று ஒரு சலுகைபோலவே தோன்றிற்று.

ஆடி மாதத்தில் ஓர் இரவு சோதனைக்கு வந்த பொலிஸார் பட்டியலை விரித்தனர். பெயர்கள் ஆறு. வரிசையில் நின்ற பெண்கள் ஏழு. பெயரில்லாத ஆளை மறைத்து வைத்திருந்ததாக வழக்கு வரும் என்ற அச்சத்தில், அவள் அன்று பின்னேரம்தான் படுக்க இடம் கேட்டு வந்தவள், தனக்குத் தெரியாது என்று கனகேஸ்வரி சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி பாலேஸ்வரியிடம் திரும்பி, இவளைத் தெரியுமா என்று கேட்டான். "ஓம்" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. றஞ்சிதம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா. அக்கா, சொல்லுங்க."

மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றின்மேல் ஒன்று பூட்டிக்கொண்டன. திறக்கவில்லை. றஞ்சிதத்தைக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பல்வைத்தியர் இராசரத்தினம் பாலேஸ்வரியின் வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

"நித்திரையிலை பல்லை நறநறவெண்டு கடிக்கிறீர். கடைவாய்ப் பல்லெல்லாம் தட்டையாத் தேஞ்சுபோச்சு. யோசினை கூடவோ?"

"இல்லை, டொக்டர்."

"இந்த ஊரிலை எங்கட ஆக்கள் எல்லாரும் இப்ப அப்பிடித்தான் சொல்லுகினம். என்ரை வருமானம் அதிலைதான்." சிரித்தார், உடனே நிறுத்தினார். "கடினமான இறப்பரிலை ஒரு உறை செய்து தாறன். படுக்கேக்குள்ளை போடும். பல்லிலை பல்லு முட்டாது. சத்தமும் வராது."

உறை வந்த அன்று இரவு அதனை மாட்டிக்கொண்டு, கைக்குட்டையால் தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பிரேதத்துக்குக் கட்டியதுபோல இருக்கிறதே என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு அவள் படுத்தாள். கடலின் இரைச்சல் யன்னல் வழியே ஏறி இறங்கியது. உப்புக்காற்றில் கால்வாயின் அழுகல் மணமும் ஈரச்சுவரின் பூஞ்சண மணமும் கலந்து வந்தன. பாணந்துறைக்குப் போகும் கடைசி ரயில் கடந்தபோது யன்னற்கம்பிகள் நடுங்கி அடங்கின. அந்த அடக்கத்தின் அடியிலிருந்து, அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்ட ஒரு கல் மெல்ல மெல்ல அரைபடுவதுபோல, அந்தச் சத்தம் தொடங்கிற்று.

அவள் விழித்திருந்தாள். இறப்பர் உறை பற்களின் நடுவே தடித்துக் கிடந்தது. சுட்டுவிரலை உதட்டுக்குள் விட்டுத் தடவினாள். தாடை அசையவில்லை.

சத்தம் நிற்கவில்லை.

எதிர்க்கட்டிலை நோக்கித் திரும்பினாள். நுளம்புவலை தொங்கியது. வலைக்குள் இருட்டு. வெறும் இருட்டு. சத்தம் மூச்சு விடுவதற்காகச் சற்று நின்றது. பின்னர் மீண்டும் அரைத்தது.

காலையில் எதிர்க்கட்டில் தலையணையின் புரட்டிய பக்கமும் நனைந்திருந்தது.

"அது நானில்லை," என்றாள் குசினியில், எவரையும் பார்க்காமல். "நான் உறை போட்டிருந்தனான். சத்தம் மற்றக் கட்டிலிலை இருந்துதான்."

சிவமணியின் கத்தி பாணில் பாதியில் நின்றது.

"எந்த மற்றக் கட்டில்?" என்றாள் கனகேஸ்வரி, மிகவும் அமைதியாக.

"ஒண்டுமில்லை, அன்ரி."

அன்று பிற்பகல் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். நனைந்த கோட்டு, வெற்றுக்கால், கையில் கடதாசித் துண்டு. பெயர் வேலுசாமி என்றார். மகள் இந்த விலாசத்திலிருந்துதான் கடிதம் எழுதினாள், மூன்று மாதமாகக் கடிதமில்லை, ஒரு சட்டத்தரணியிடம் போனதில், கடைசியாக அவளைக் கண்ட ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் வழக்குப் போடலாம் என்கிறார் என்றார்.

"ஒருத்தர் போதுங்கம்மா. இங்கதான் இருந்துச்சு, இங்கேருந்துதான் கூட்டிட்டுப் போனாங்கன்னு ஒரு வார்த்தை."

"அப்பிடி ஒரு பிள்ளையும் இஞ்ச இருக்கேல்லை," என்றாள் கனகேஸ்வரி. அவளுடைய குரலில் இரக்கமும் இருந்தது. அதுதான் சகிக்க முடியாததாயிருந்தது.

பாலேஸ்வரி அறைக்கதவின் பின்னால் நின்றாள். ஒரு சொல் சொன்னால் பட்டியலில் தன் பெயர் இராது. சொல்லாவிட்டால் அந்த மனிதர் வெறுங்கையுடன் கோட்டை ரயில் நிலையத்துக்கு நடப்பார். அவர் நடந்தார். அவர் படலையைச் சாத்திய ஓசை கேட்கும்வரை அவளுடைய தாடை இறுகியே இருந்தது. அவளுக்குப் பின்னால், எதிர்க்கட்டிலின் சட்டம் ஒருமுறை முனகியது.

அதன்பின் இரவுகளுக்கு எல்லை இல்லாமற் போயிற்று. பஞ்சைக் காதில் அடைத்தாள். பஞ்சுக்குள்ளும் கேட்டது. கட்டிலைச் சுவரோடு தள்ளினாள். சுவருக்குள்ளும் கேட்டது. சுவருக்கு அப்பால் சிவமணியின் அறை. அங்கிருந்தும் கேட்டது. அதே தாளம். அதே மூச்சு. கூடத்துக்கு அப்பால் கனகேஸ்வரியின் அறை. அங்கிருந்தும். விடிந்ததும் எல்லோரும் தாடையைத் தடவியபடி வந்து தேநீர் குடித்தனர்.

ஒரு ஞாயிறு காலை, நல்ல வெயிலில், ஒழுங்கையின் இரு முனையையும் மறித்துவிட்டு வந்தார்கள். ஒரு பெண் பொலிஸ், இரண்டு கொன்ஸ்ரபிள்கள். கூடத்தில் ஆறு பேரும் வரிசையில் நின்றனர். பட்டியல் வாசிக்கப்பட்டது. ஆறு பெயர்கள். ஆறு தலையசைவுகள்.

"தவ கவுத இன்னே?" என்றாள் பெண் பொலிஸ். வேறு யார் இருக்கிறார்கள்.

"கவுருத் நே, மிஸ்," என்றாள் கனகேஸ்வரி. ஒருவருமில்லை.

அப்போது அது தொடங்கிற்று. பகலில் அது ஒருபோதும் கேட்டதில்லை. பாலேஸ்வரியின் அறைக்குள்ளிருந்து, திறந்திருந்த கதவின் வழியே, வெயிலுக்குள். பெண் பொலிஸின் பேனா நின்றது. அவள் தலையை உயர்த்தி அறையைப் பார்த்தாள். பின்னர் அறையைவிட்டு, வரிசையை.

பாலேஸ்வரியும் பார்த்தாள்.

கனகேஸ்வரியின் வாய் மூடியிருந்தது. கன்னத்தின் தசை எழுந்தது. விழுந்தது. சிவமணியின் கன்னம். மற்ற மூவரின் கன்னங்கள். ஒரே வேளையில். ஒரே அளவில். கண்கள் திறந்திருந்தன, விழிப்பாயிருந்தன, ஐந்து சோடிக் கண்களும் அவளையே கெஞ்சின. கனகேஸ்வரியின் கடைவாயிலிருந்து வெண்பொடி சிந்தியது. சேலையில் விழுந்தது. பொடியில் சிவப்பு கலந்தது. அவள் துடைக்கவில்லை. அரைத்தாள்.

பாலேஸ்வரியின் தாடை தானாக எழுந்தது. பல்லைப் பல் தேடியது. தொட்டது.

இரண்டு விரல்களைத் தன் பற்களின் நடுவே திணித்தாள். எலும்புவரை கடி இறங்கியது. இன்னும் தள்ளினாள். பூட்டு விட்டது.

"றஞ்சிதம்," என்றாள். "வேலுசாமி றஞ்சிதம். அஞ்சு மாசம் என்னோடை இந்த அறையிலை இருந்தவள். உங்கட ஆக்கள்தான் கொண்டுபோனவை. எனக்குத் தெரியும். நான் கண்டனான்."

அறைக்குள் சத்தம் நின்றது. வரிசையில் நிற்கவில்லை. ஐந்து வாய்களும் இறுக மூடியபடி வெயிலில் அரைத்துக்கொண்டிருந்தன. காலடிகளில் பொடி சேர்ந்துகொண்டிருந்தது. திறந்த கதவின் உள்ளே நுளம்புவலையை யாரோ மெல்ல விலக்கினார்கள். பாலேஸ்வரி வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினாள். ஒழுங்கை முழுதும் கேட்கும்படி அந்தப் பெயரை இரண்டாம் முறையும் சொன்னாள்.